எந்தச் சுவரைப் பார்த்து உட்காருவது

போன மாதம் என் மகள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தாள். மருமகன் முன்பே அங்கே வேலையில் இருக்கிறார். போன சூட்டோடு வீடியோவில் கூப்பிட்டு, வயதைப் பார்த்தால் மூன்றாவதில் போடலாம், பாஷையைப் பார்த்தால் ஒரு வகுப்பு கீழே போடலாம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்கிறார்கள், எதில் போடுவது என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் போனை வாங்கி, ஒரு வருஷம் வீணாகக் கூடாது என்றார். சம்பந்தி வீட்டிலிருந்து வேறு மாதிரி யோசனை வந்தது. பத்தாவதோடு நின்றவள் நான். இந்த மாதிரி பேச்சில் என்னை யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடும். ஆனால் என் பிறந்த வீட்டில் இந்தக் கேள்விக்கு ஒருமுறை பதில் சொன்னவள் நான்தான். அது இங்கே யாருக்கும் தெரியாது.

எனக்கு அப்போது ஒன்பது முடிந்து பத்து நடந்துகொண்டிருந்தது. அப்பா கோயமுத்தூரில் பஞ்சு மில்லில் ஃபிட்டராக இருந்தவர். கென்யாவில் புதிதாக ஒரு மில் தொடங்கியபோது மெஷின் பூட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். பின்னால் அம்மாவும் நானும் போனோம். அங்கே மில்லுக்குப் பக்கத்தில் ஒரு குவார்ட்டர்ஸ். வாசலில் ஊதாப் பூப் பூக்கும் மரம் ஒன்று. பூ உதிரும் காலத்தில் பள்ளிக்கூடம் போகும் பாதை முழுவதும் ஊதாவாகக் கிடக்கும், மிதிக்கவே கூச்சமாக இருக்கும். அந்த ஊரில் எனக்கு நினைவிருப்பது அந்த மரமும், மத்தியானங்களும்தான். அப்பாவுக்கு அடிக்கடி ராத்திரி ஷிப்ட். பகலில் தூங்குவார். அதனால் வீட்டுக்குள் நானும் அம்மாவும் குசுகுசுவென்றுதான் பேசிக்கொள்வோம். அப்பா வேலைக்குப் போன பிறகும் அம்மாவின் குரல் ஏறாது. இரும்புக் கிராதிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, வெளியே போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அவர்கள் பாஷை அம்மாவுக்குத் தெரியாது. அம்மாவின் பாஷை தெரிந்தவர்கள் அங்கே அப்பாவும் நானும் மட்டும்தான். எனக்கு அது குறையாகப் படவில்லை. அம்மா என்றால் மெல்லப் பேசுகிறவள் என்று இருந்துவிட்டேன்.

தம்பி வயிற்றில் இருந்தபோது, பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவது என்று முடிவானது. உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் என் மாமா வீடு. மாமா அம்மாவுக்கு அண்ணன். மாசியில் குழந்தை பிறக்கும், வைகாசியில் திரும்பிப் போய்விடலாம் என்பது ஏற்பாடு. அப்பா விமான நிலையம் வரைக்கும் வந்து என் தலையைத் தடவி, "வைகாசியில வந்துரு கண்ணு" என்றார். நானும் சரி என்றேன். ஏதோ கடைக்குப் போய்விட்டு வருவதுபோலத்தான் இருந்தது.

கென்யாவில் பள்ளிக்கூடம் ஜனவரியில் தொடங்கி வருஷக் கடைசியில் முடியும். நான் நான்காவதை முடித்துவிட்டு வந்திருந்தேன். இங்கே வந்து பார்த்தால் ஐந்தாவதில் பாதிப் பாடம் நடந்து முடிந்திருந்தது. இரண்டு ஊர்க் கணக்குக்கும் நடுவில் எந்த வகுப்பிலும் சேராத கொஞ்ச நாள் எனக்கு மட்டும் தனியாகக் கிடைத்தது. அந்த நாட்களில் நான் தோப்புக்குள் சுற்றினேன். வீட்டுக்குள் இருந்துகொண்டே அடுத்த தோட்டத்துக்குச் சத்தம் கொடுத்துப் பேசுகிற மனிதர்களை வாயைப் பிளந்து பார்த்தேன். பொங்கல் கழிந்ததும் மாமா என்னைக் குளிக்கவைத்து, ஷூவும் சாக்ஸும் மாட்டச் சொல்லி, டிவிஎஸ் வண்டியில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அது வாய்க்கால் கரையில் இருந்த ஓட்டுக் கட்டடம். உள்ளே ஒரே ஒரு நீளக் கூடம். நடுவில் தடுப்பு எதுவும் கிடையாது. ஒன்றிலிருந்து ஐந்து வரை எல்லா வகுப்பும் அதற்குள்தான். ஒவ்வொரு வகுப்பும் ஏதாவது ஒரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். ஐந்தாவது வகுப்பு, பெரிய கரும்பலகை இருக்கும் மேற்குச் சுவரைப் பார்க்கும். இரண்டாவது, வாய்க்கால் பக்கம் ஜன்னல் இருக்கும் கிழக்குச் சுவரைப் பார்க்கும். வகுப்பு மாறுவது என்றால் எழுந்து திரும்பி உட்காருவதுதான்.

பெரிய வாத்தியார் அம்மாவுக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தவர். மாமா அவர் முன்னால் என்னை நிறுத்தி, "இங்கிலீசுல ஒரு பாட்டுச் சொல்லு கண்ணு, சாரு கேக்கட்டும்" என்றார். சொன்னேன். கூடத்தில் ஐந்து வகுப்பின் இரைச்சலும் ஒரேயடியாக நின்றது. சொல்லிக்கொண்டே இருந்தேன். வாத்தியாருக்கு எப்போது நிறுத்தச் சொல்வது என்று தெரியவில்லை. கடைசியில், "போதுங் கண்ணு, போதும், மூச்சு வாங்கிக்க" என்றார். பிறகு சிலேட்டைக் கொடுத்து, "எங்க, உன்ர பேர எழுது" என்றார்.

அம்மா கென்யாவில் சப்பாத்திப் பலகையில் மாவைத் தூவி எனக்குச் சில எழுத்துக்களைச் சொல்லிக் கொடுத்திருந்தாள். மாவில் எழுதியது சிலேட்டில் வரவில்லை. ஒரு எழுத்து குப்புறக் கிடந்தது. இன்னொன்றுக்குச் சுழியே இல்லை.

வாத்தியார் சிலேட்டை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க, வாயி எட்டாவது படிக்குது, கையி ஒண்ணாவது படிக்குது. நடுவால இருக்கற உடம்ப நான் எங்க உக்கார வெக்கறது?"

"அஞ்சாவதுல வெய்ங்க சார்" என்றார் மாமா.

வாத்தியார் அன்றைக்கு முடிவு செய்யவில்லை. கொஞ்ச நாள் போகட்டும் என்றார். அதனால் தமிழுக்கு ஒன்றாவது, கணக்குக்கு ஐந்தாவது, மற்ற நேரத்துக்கு மாமா மகள் படித்த இரண்டாவது என்று நான் அந்தக் கூடத்துக்குள் மிதந்துகொண்டிருந்தேன். மணி அடிக்கும்போதெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு வேறு சுவரைப் பார்த்து உட்காருவேன். "ஏ வெளிநாடு, இப்ப எத்தனாவது?" என்று பையன்கள் கேட்பார்கள். ஒருத்தன், "பஸ்ஸு வருது, எடம் உடுங்கடா" என்பான். நான் பதில் சொன்னால் யாருக்கும் கேட்காது. "சத்தமாப் பேசு புள்ள, இங்க ஆரும் தூங்கல" என்றாள் இரண்டாவது வகுப்பு டீச்சர். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா நிஜமாகவே தூங்கிக்கொண்டிருப்பார் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இரண்டாவதில் இருக்கும்போதுதான் அந்த வெளிச்சத்தைப் பார்த்தேன். வாய்க்காலில் பாசனத்துக்கு முறைத் தண்ணீர் விட்டிருந்தார்கள். காலை வெயில் தண்ணீரில் பட்டு, ஜன்னல் வழியாக மேலே ஏறி, எங்கள் தலைக்கு மேல் ஓட்டின் அடிப்பக்கத்தில் நெளிந்துகொண்டிருந்தது. வலைபோல விரியும், சுருங்கும், ஒரு நிமிஷம் கலைந்து மறுபடியும் பின்னிக்கொள்ளும். கூடத்தில் வேறு எந்த வகுப்புக்கு மேலேயும் அது வரவில்லை. மற்றப் பிள்ளைகள் யாரும் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அவர்களுக்கு அது வருஷா வருஷம் வருகிறதுதானே. நான் வாய்ப்பாடு சொல்லும் சத்தத்துக்கு நடுவில் தலையைத் தூக்கியபடி, தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வேன்.

பரீட்சைக்கு முன்னால் மேலிடத்திலிருந்து ஆள் வந்து பார்க்கப் போகிறார் என்று வாத்தியார் சொல்லி அனுப்பினார். அதற்குள் என்னை ஏதாவது ஒரு வகுப்பில் எழுதியாக வேண்டும். நானே வருகிறேன் என்றாள் அம்மா. அத்தை, "இந்த வவுத்தத் தூக்கிட்டு நீ எதுக்கு நடக்கற? அதுதான் உங்கண்ணன் போறாங்கல்ல" என்றாள். அம்மா கேட்கவில்லை. மாமா வண்டியில் முன்னால் போக, அம்மாவும் நானும் வாய்க்கால் மேட்டில் மெல்ல நடந்து போனோம்.

வாத்தியார் அம்மாவுக்கு நாற்காலி போட்டார். அம்மா உட்காரவில்லை. படித்த இடத்தில் வாத்தியார் முன்னால் உட்காரக் கூச்சம்.

"இதுல ரோசிக்க ஒண்ணுமில்லீங்க சார்" என்று மாமா ஆரம்பித்தார். "அஞ்சாவது பாஸுன்னு ஒரு சர்டிபிகேட்டு கையில இருந்தாப் போதும். வைகாசியில போனா அங்க பழையபடி அவ செட்டோட சேந்துக்குவா. ரெண்டாவதுன்னு எழுதிப்போட்டா, மாப்பளைக்கு நான் என்ன பதிலச் சொல்றது? புள்ளையக் கெடுத்துப்போட்டீங்களேன்னு கேக்க மாட்டாரா?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க சொல்றது சரிதானுங்க. திரும்பிப் போற புள்ளைன்னா அஞ்சாவதுல எழுதறேன். பரீட்சைய நான் பாத்துக்கறேன். ஆனா இங்கயே இருக்கற புள்ளைன்னா அஞ்சாவது ஆகாது. எழுத்தே தெரியாம மேல போயி என்ன பண்ணுவா? ரெண்டாவதுல உக்காந்து, நெதானமா வரோணும்." பிறகு அம்மாவைப் பார்த்து, "நீ சொல்லு அம்மணி. எப்படி?" என்றார்.

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளக் கேட்டா அவ என்னத்தச் சொல்லுவா?" என்றார் மாமா. "மாப்பளை அங்க ஒத்தையில சோறாக்கித் தின்னுட்டுக் கெடக்கறாரு. வைகாசிக்கு டிக்கெட்டுப் போடோணும்."

அம்மா தலையைத் தூக்கவில்லை. என் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். அவள் கை வேர்த்திருந்தது. குனிந்து, கென்யா வீட்டில் பேசுவதுபோலவே குசுகுசுவென்று, "கண்ணு, உனக்கு எங்க உக்காரோணும்?" என்று கேட்டாள்.

அப்படி என்னை யாரும் எதையும் கேட்டதில்லை. நான் கூடத்தைப் பார்த்தேன். மேற்குச் சுவருக்கு எதிரில் ஐந்தாவதுக்காரர்கள் வேர்வையோடு பெருக்கல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கிழக்குப் பக்கம் ஓட்டுக்கு அடியில் வெளிச்சம் நெளிந்துகொண்டிருந்தது. மாமா மகள் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினாள்.

"ரெண்டாவது" என்றேன். எப்போதும் யாருக்கும் கேட்காத என் குரல் அன்றைக்குக் கூடம் முழுவதும் கேட்டது.

"எழுதிக்குங்க சார்" என்றாள் அம்மா.

"ஏனம்மணி, அறியாப் புள்ள சொல்றதக் கேட்டுட்டு..."

"அவ சொல்லிப்போட்டாளுங்கண்ணா." அம்மா இப்போது மாமாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். "படிக்கறவ அவதானுங்க."

மாமா வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேனாவைத் திறந்து எழுதினார். மாமா வெளியே போய் வண்டியை உதைத்தார். முதல் உதையில் கிளம்பவில்லை. அது கிளம்பிப் போகும் சத்தம் வெகுதூரம் கேட்டது.

அதன் பிறகு நான் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலேயே படித்தேன். எல்லா வகுப்பிலும் நான்தான் உயரம், எப்போதும் கடைசி வரிசை. அப்பா விடுமுறைக்கு வந்து போகிறவராக ஆனார். வரும்போதெல்லாம் நான் எத்தனாவது என்று கேட்பார். சொன்னால் மனதுக்குள் ஏதோ கூட்டிக் கழிப்பார். அம்மா அடுப்படியில் சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பாள். நாங்கள் ஏன் திரும்பிப் போகவில்லை என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அம்மாவும் அதைப் பற்றி யாரிடமும் வாயைத் திறந்து சொன்னதாக எனக்குத் தெரியாது. எனக்குக் கல்யாணமாகி, புருஷன் வீட்டு வாசலில் நின்று தெருவைப் பார்த்த ஒரு மத்தியானத்தில்தான் அந்தக் கிராதிக் கதவும், வாத்தியார் முன்னால் அம்மாவின் வேர்த்த கையும் சேர்ந்து ஞாபகத்துக்கு வந்தன.

ஆனால் அன்றைக்கு எனக்கு ஒரே சந்தோஷம். பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும் வழியில் அம்மா வாய்க்கால் படித்துறையில் உட்கார்ந்து, சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காலைத் தண்ணீரில் விட்டாள். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். அக்கரையில் ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கம்மணி, எத்தன மாசமுங்க?" என்று அங்கிருந்தே சத்தம் போட்டாள்.

"ஒம்பதுங்க, அடுத்த மாசம் பொறந்துருமுங்க!" என்று அம்மாவும் சத்தம் போட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். அம்மாவுக்கு அவ்வளவு குரல் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது.

"ஆரூட்டுப் புள்ளைங்க நீங்க?"

அம்மா யார் வீடு, எந்தத் தோட்டம், யாருக்குத் தங்கை என்று எல்லாம் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு எங்கள் அத்தையைத் தெரிந்திருந்தது. அத்தையைப் பற்றி அவள் ஏதோ சொல்ல, அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பேசினார்கள். மழை, மாட்டுக்குப் போடும் சோளத் தட்டு, யாரோ ஒருத்தர் வீட்டு எருமை. எனக்குப் பசித்தது. பேச்சு முடிகிற மாதிரி இல்லை.

"அப்பறம், வெளிநாட்டுக்கு எப்பத் திரும்பிப் போறீங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

அம்மா காலால் தண்ணீரை அளைந்தாள். பிறகு, "புள்ளைய இங்க ரெண்டாவதுல சேத்திருக்குதுங்க" என்றாள்.

அந்தப் பெண் துவைப்பதை நிறுத்தினாள். அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அதுஞ் சரிதானுங்க" என்று மெல்லச் சொல்லிவிட்டு, மறுபடியும் துணியை எடுத்தாள்.

கேட்டது ஒன்று, அம்மா சொன்னது ஒன்று. தண்ணீர்ச் சத்தத்தில் அம்மாவுக்குக் கேள்வி சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அக்கரைக்குக் கேட்கும்படி கையை வாயில் குவித்துக்கொண்டு, நானே பதில் சொன்னேன்.

"வைகாசியில போறோமுங்க!"