கரண்டோடு போன தண்ணீர்

டிரான்ஸ்ஃபார்மருக்கு யாரோ வெடி வைத்ததில் இரத்தோட்டை டவுனே இருண்டது. பிரசவ வலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்த அக்காவுக்காக மெழுகுவர்த்திக் கட்டோடு பெருமையாகப் போய் நின்றேன்.

“வெளிச்சம் கெடக்கட்டும் தம்பி. மோட்டர் ஓடல, குழாயில சொட்டுத் தண்ணி இல்ல. தண்ணியில்லாம எப்படிப் பிரசவம் பாக்கிறது?” என்றார் நேர்ஸம்மா.

தண்ணீர் பவுசர் லொறியில் கொண்டுவரலாமென்றால் அதில் டீசல் இல்லை. டீசல் அடிக்கும் பம்புக்கும் கரண்ட் வேண்டுமாம்!

மலை ஊற்று தானாக வந்து விழும் தேயிலைத் தோட்டத்துப் பீலிக்கு ஓடினேன். அங்கிருந்த பெண்கள் விஷயத்தைக் கேட்டதுமே குடங்களை நிரப்பித் தூக்கிக்கொண்டார்கள்.

“டவுன் தொரைக்கு இப்பத்தான் எங்க பீலி கண்ணுல பட்டுச்சோ?” என்றாள் ஒருத்தி.

“பட்டுச்சு அக்கா. வாயை மூடிட்டு வேகமா நடங்க, தண்ணி சிந்துது!”

சிரித்துக்கொண்டே ஆஸ்பத்திரிவரை சுமந்தார்கள். அந்தத் தண்ணீரில்தான் என் மருமகளை முதன்முதலாகக் கழுவி எடுத்தார்கள். குடம் சுமந்த பெண்களுக்கு நன்றி சொன்னேன். காலிக் குடங்களை நானே பீலிவரை சுமந்து கொடுத்தேன்.