பாதியில் அறுந்த வசனம்

பாலையூற்றில் தையல்காரி சிவரூபியின் வீடு எது என்று கேட்டால் ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். சிங்களம் கதைக்கிற அக்கா என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் கைகாட்டும். பத்தொன்பது வயதில் கட்டுநாயக்காவுக்கு உடுப்புத் தொழிற்சாலை வேலைக்குப் போனவள். ஒன்பது வருஷம் அங்கே சேட்டுக் கொலர் தைத்தாள். அறையில் கூட இருந்த பெட்டைகளோடு கொஞ்சியும் சண்டை பிடித்தும் சிங்களம் பழகினாள். புத்தகம் பார்த்துப் படித்த சிங்களம் இல்லை அது, வாயில் ஊறியது.

கலியாணம் கட்டித் திரும்பி வந்தபின் அந்தச் சிங்களம் ஊருக்குப் பயன்பட்டது. பொலிசில், காணிக் கந்தோரில், கொழும்பு ஆஸ்பத்திரியில் என்று எங்கே நின்று முழித்தாலும் ஆட்கள் சிவரூபிக்குப் போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிடுவார்கள். அவள் தையல் மெசினை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் சொல்வதை இந்தப் பக்கத்துக்கும், இந்தப் பக்கம் சொல்வதை அந்தப் பக்கத்துக்கும் சொல்லுவாள். சல்லியில் இருந்தும் எடுப்பார்கள், மூதூரில் இருந்தும் எடுப்பார்கள். முகம் தெரியாத எத்தனையோ பேருடைய வருத்தமும் வழக்கும் அவளுக்கு அத்துப்படி.

போன் கணவர் கட்டாரில் இருந்து கொண்டுவந்தது. ஏழு வருஷம் ஆகிறது. கண்ணாடியில் ஒரு கீறல், மற்றபடி ஒரு குறையும் இல்லை.

மகள் லக்சாயினி உயர்தரம் படிக்கிறாள். பின்னேர வகுப்பு ஒன்லைனில். பழைய சிம்மில் நெட் இழுத்து இழுத்து வந்ததால், தை மாதம் பஸ் நிலையத்தடியில் கூடாரம் போட்டு விற்ற வேறொரு கம்பனியின் சிம்மை சிவரூபி வாங்கினாள். உங்கட பக்கம் புது டவர் போட்டிருக்கிறம் என்று அங்கே நின்ற பிள்ளை சொன்னது. பழைய சிம்மைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டு, புது நம்பரை எல்லாருக்கும் அனுப்பினாள்.

நெட் பறந்தது. கோல்தான் பாதியில் அறுந்து விழுந்தது.

சிலர் எடுத்தால் அவளுடைய போன் அடிக்கவே இல்லை. அவர்களுக்கு ஓஃப் என்று சொல்லும். அடித்து எடுத்தாலும் இரண்டு நிமிஷத்தில் சத்தம் செத்துவிடும். சிலவேளை அந்தப் பக்கம் கதைப்பது இவளுக்குக் கேட்கும், இவள் கத்துவது அங்கே கேட்காது. தாயும் மகளும் செய்யாத வைத்தியம் இல்லை. போனை நிறுத்திப் போட்டார்கள். சிம்மைக் கழற்றி அழிறப்பரால் தேய்த்துத் திருப்பிப் போட்டார்கள். நெட்வேர்க் செட்டிங் முழுவதையும் அழித்துப் புதிதாக எடுத்தார்கள். கதைக்கும்போது சிவரூபி கிணற்றடிக்கு ஓடிப் பார்த்தாள், மதில் ஓரம் நின்று பார்த்தாள். ஒன்றுக்கும் சரிவரவில்லை.

துறைமுகத்துக்குப் போகும் வீதியில் கம்பனியின் கிளை இருந்தது. அங்கே அர்ஷாக் என்ற இளைஞன் போனை ஒருமுறை திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, போன் பழசு. அன்டனா வீக்காகியிருக்கும். புதுசு ஒண்டு எடுங்க."

"பழைய சிம்மில ஒரு கோலும் விழேல்லையே தம்பி?"

"அப்ப சிம்மை மாத்தித் தாறன்."

மாற்றிக் கொடுத்தான். மாற்றிய சிம்மும் அதே கூத்தைத்தான் ஆடியது. இரண்டாம் தரம் போனபோதும் போன் பழசு என்றான். அங்கே கோபம் வந்தாலும் சிவரூபி அடக்கிக்கொண்டாள். தன் பொருளில்தான் பிழையோ என்ற ஒரு கூச்சம்.

அடுத்த கிழமை மூதூர் றம்ஸியா கண்டியில் இருந்து எடுத்தாள். அவளுடைய வாப்பா ஜவாஹிருக்குக் குடலிறக்கம். கண்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஒப்பரேசனுக்குத் திகதி கொடுக்க வரச்சொல்லியிருந்தார்கள். டொக்டருக்குத் தமிழ் தெரியாது, றம்ஸியாவுக்குச் சிங்களம் தெரியாது. டொக்டர் சொன்னது சிவரூபிக்குத் தெளிவாகக் கேட்டது. இருதய வருத்தத்துக்காக ஜவாஹிர் குடிக்கும் வெள்ளைக் குளிசை இரத்தத்தை உறையவிடாது. ஒப்பரேசனுக்கு ஒரு கிழமை முந்தியே அதை நிறுத்த வேண்டும்.

"றம்ஸியா, கவனமாக் கேளும். வாப்பா காலமையில குடிக்கிற வெள்ளைக் குளிசை இருக்கெல்லே, அதை ஒப்பரேசனுக்கு ஒரு கிழமை இருக்கேக்கை இருந்து ஒவ்வொரு நாளும் மறக்காமல்—"

குடுக்காமல் நிப்பாட்டிப் போடுங்கோ என்று முடித்தாள். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தமும் இல்லை. திருப்பி எடுத்தாள், போகவில்லை. பத்து நிமிஷம் எடுத்தபடியே நின்றாள். றம்ஸியாவிடம் இருந்தது பட்டன் போன், வட்ஸ்அப் கிடையாது. கடைசியில் தமிழில் ஒரு எஸ்எம்எஸ் எழுதி அனுப்பினாள். போய்ச் சேர்ந்ததாகப் போன் காட்டியது. அதோடு மனம் ஆறிவிட்டாள்.

பன்னிரண்டு நாள் கழித்து றம்ஸியா நேரே வீட்டுக்கு வந்தாள். கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை.

"அக்கா, வேலை இருந்தா இருக்கு எண்டு சொல்லியிருக்கலாம். கதைச்சிக்கிட்டு இருக்கக்குள்ள ஏன் போனை வெச்சீங்க?"

"நான் வைக்கேல்லை. உமக்கு மெசேஜும் போட்டனான்."

றம்ஸியா தன் போனை நீட்டினாள். அந்த எஸ்எம்எஸ் இருந்தது. ஓர் எழுத்தும் இல்லை, வரிசையாகக் கட்டம் கட்டமாக இருந்தது.

"ஒவ்வொரு நாளும் மறக்காம எண்டு நீங்க சொன்னது கேட்டிச்சி. அதுக்குப் பொறகு ஒண்டுமில்ல. மறக்காமக் குடுக்கச் சொல்றீங்க எண்டுதான் நான் நெனச்சன். ஒரு நாளும் மறக்காமக் குடுத்தன். விடியக் கண்டிக்குப் போற பஸ்ஸிலயும் குடுத்தன். குளிசை குடிச்சிருக்கு, இண்டைக்கு வெட்ட ஏலா எண்டு திருப்பி அனுப்பிட்டாங்க. அஞ்சு கிழமைக்குப் பொறகு திகதி. வாப்பா நோவில சுருண்டு படுத்திருக்காரு."

றம்ஸியா தண்ணீரும் குடிக்காமல் போய்விட்டாள். சிவரூபி தைத்துக்கொண்டிருந்த பாடசாலைச் சட்டையை எடுத்தாள், கை ஓடவில்லை. ஒரு சொல். ஒரேயொரு சொல் போய்ச் சேரவில்லை. முதலில் தன்மேல்தான் ஆத்திரம் வந்தது: றம்ஸியா விளங்கிக்கொண்டாளா என்று அடுத்த நாள் ஏன் கேட்கவில்லை? பிறகு அந்த ஆத்திரம் மெல்ல மெல்லத் துறைமுக வீதிப் பக்கம் திரும்பியது.

மறுநாள் காலை, பஸ் நிலையத்துக்குப் பின்னால் போன் திருத்தும் ஸஜ்ஜாத்திடம் போனாள். அவர் போனைக் கழற்றவில்லை. முதலில் தன்னுடைய சிம்மை அவளது போனில் போட்டு அடித்துப் பார்த்தார். அது அவளுடைய பழைய கம்பனியின் சிம். குரல் தெளிவாக இருந்தது. பிறகு அவளது சிம்மைத் தன்னுடைய புதுப் போனில் போட்டார். அதுவும் தெளிவு. கடைசியாக அவளது சிம்மை அவளது போனிலேயே போட்டுவிட்டுத் திரையின் மேல் மூலையைக் காட்டினார்.

"இதைப் பார்த்துக்கொண்டே கோல் எடுங்க."

4ஜி என்று நின்றது, அவள் எடுத்த மறுகணம் ஈ என்ற இங்கிலீசு எழுத்தாக மாறியது. ஒரு கோடுதான் மிஞ்சியது.

"போனும் நல்லம், சிம்மும் நல்லம், ரெண்டும் சேர்ந்தாத்தான் பிழை," என்றார் ஸஜ்ஜாத். "இப்ப கோலும் நெட் போற 4ஜி வழியாலதான் போகும். எந்தெந்தப் போனுக்கு அந்த வழியைத் திறக்கிறது எண்டு கம்பனிதான் முடிவு பண்ணும். உங்கட போன் கட்டார்ப் போன், இந்தக் கம்பனி திறக்கல்ல. அதனால கோல் எடுத்தாப் பழைய 2ஜிக்கு விழுது. நடுவில இருந்த 3ஜியை இவங்க நிப்பாட்டிட்டாங்க. உங்கட பக்கம் 2ஜி சரியா இல்ல."

"இதை நாங்கள் செட்டிங்கில மாத்த ஏலாதோ?"

"ஏலாது. அவங்கட பக்கத்து வேலை. எந்தப் போன் சரிவரும் எண்டு அவங்களிட்ட லிஸ்ட் இருக்கும்."

சிவரூபி ஆட்டோ பிடிக்கவில்லை. வெயிலில் நடந்தே கிளைக்குப் போனாள். உள்ளே ஏழெட்டுப் பேர் நம்பர்த் துண்டோடு இருந்தார்கள். அவள் நேரே மேசைக்குப் போய், லிஸ்ட்டைக் காட்டு என்றாள். அர்ஷாக் திகைத்துப் பின்னால் நின்ற மேலாளரைப் பார்த்தான். மேலாளர் சிரித்த முகம் மாறாமல் சிங்களத்தில் சொன்னார்:

"லிஸ்ட் கதையை எடுக்காதே. போன் பழசு என்று சொல்லி அனுப்பு. புதுப் போன் ஒன்று விற்றுப்போகும். இந்தப் பொம்பிளைகளுக்கு இதெல்லாம் எங்கே விளங்கப்போகிறது?"

சிவரூபிக்குக் காது சுட்டது. தொழிற்சாலையில் மேற்பார்வையாளர்களோடு மல்லுக்கட்டிய அதே சிங்களத்தில், சத்தத்தைக் கூட்டாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

"எனக்கு விளங்கியது. லிஸ்ட் இருக்கிறது. தெரிந்துகொண்டே இரண்டு தரம் என்னைத் திருப்பி அனுப்பினீர்கள். ஒரு கிழவனுடைய ஒப்பரேசன் நின்றுபோனது. அதையும் விளங்கிக்கொள்ளுங்கள்."

மேலாளரின் முகம் கறுத்தது. உள்ளே வந்து கதைப்போம் என்றார். அவள் அசையவில்லை. திரும்பி, காத்திருந்தவர்களைப் பார்த்துத் தமிழில் ஒருமுறையும் சிங்களத்தில் ஒருமுறையும் சொன்னாள்: பழைய போனில் கோல் விழுகிறது என்று வந்தவர்கள், வெளிநாட்டில் இருந்து வந்த போன் வைத்திருப்பவர்கள், லிஸ்ட்டைக் கேளுங்கள். மூன்று பேர் எழும்பி மேசைக்கு வந்தார்கள்.

லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு வந்தது அர்ஷாக்தான். மேலாளரைப் பார்க்காமல் அவளுக்கு முன் வைத்தான். அவளுடைய போன் அதில் இல்லை.

"இதை எனக்கு எழுதித் தாங்கோ," என்றாள். "தமிழில."

ஒரு மணித்தியாலம் இருந்தாள். அடித்துக் கொடுத்த கடிதத்தில் வரிக்கு வரி பிழை. அவர்களுடைய பேனையை வாங்கித் திருத்தி, திரும்ப அடிக்கச் சொல்லி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கினாள். அதன் பிரதியோடு கம்பனியின் கொழும்புத் தலைமையகத்துக்கு ஒரு முறைப்பாடும் அனுப்பினாள். பழைய சிம்மைத் திரும்பப் போனில் போட்டாள். எல்லாருக்கும் பழைய நம்பர்தான் என்று இன்னொரு தரம் அறிவிக்க வேண்டியிருந்தது, அதுவும் எரிச்சல்தான். புது சிம்மை ஒரு சின்ன ரவுட்டரில் போட்டு மகளுக்குக் கொடுத்தாள்.

இப்போது கோல் விழுவதில்லை. என்றாலும் மருந்துக் கதை வந்தால் சிவரூபி தமிழைத் தலைகீழாகக் கதைக்கிறாள். "நிப்பாட்டுங்கோ" என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் எதை, எப்போது என்று சொல்கிறாள். கேட்டவர்களைத் திருப்பிச் சொல்லவும் வைக்கிறாள்.

ஐந்து கிழமை கழித்து ஜவாஹிரின் திகதி வந்தபோது அவள் போனை நம்பி இருக்கவில்லை. றம்ஸியாவோடும் வாப்பாவோடும் தானே பஸ் ஏறிக் கண்டிக்குப் போனாள். ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. கிழவர் இன்னும் மயக்கம் தெளியாமல் கிடந்தார். வெளியே மர வாங்கில் அமர்ந்திருந்த றம்ஸியா மெதுவாகச் சொன்னாள்:

"அண்டைக்குக் கோவத்துல கதைச்சிட்டன் அக்கா. மனசுல வெச்சுக்காதீங்க."

"உமக்குக் கோவம் வரத்தானே வேணும். அந்தக் கம்பனி மனேஜர் சிரிச்சுக்கொண்டு சொன்னதை நினைச்சா எனக்கே இன்னும் கோவம் போகேல்லை."

தாதி வாசலுக்கு வந்து ஜவாஹிரின் பெயரைக் கூப்பிட்டு, சிங்களத்தில் ஏதோ வேகமாகச் சொன்னாள். சிவரூபி சேலையை உதறிக்கொண்டு எழும்பினாள்.

"வாரும். வாப்பா முழிச்சிட்டாராம், உம்மைத்தான் தேடுறாராம்."