ஆகிலாவின் விடையை ஸஹீத் சொன்னான்

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால், துணிக்கடை ஒன்றின் மேல்மாடியில் காலிதீன் சேரின் ஆங்கில வகுப்பு நடக்கிறது. நீளமான மண்டபம், நடுவே ஒரு பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் ஆண் பிள்ளைகள், இந்தப் பக்கம் பெண் பிள்ளைகள். இரண்டு பக்கமும் தெரியும்படி சேர் முன்னால் நின்று படிப்பிப்பார்.

சாய்ந்தமருதிலிருந்து வரும் ஆகிலாவுக்குத் திரையைப் பற்றி ஒரு முறைப்பாடும் இருந்ததில்லை. சொல்லப்போனால் அது அவளுக்கு வசதி. வெயிலில் வந்து வியர்த்த முகத்தோடு உட்காரலாம், கொட்டாவி விடலாம், எவன் பார்க்கிறான் என்ற யோசனை வேண்டாம். அவளுக்கு வயிறு எரிந்தது வேறொன்றுக்கு. சேர் கேள்வி கேட்டால் பையன்கள் வாயால் பதில் சொல்வார்கள். பெண்கள் ஒரு சீட்டில் எழுதி முன்வரிசை வாங்குக்கு அனுப்புவார்கள். முன்வாங்கில் இருப்பவள் எழுந்துபோய் அதைச் சேரின் கையில் கொடுப்பாள். சேர் பார்த்துத் தலையை ஆட்டுவார், அல்லது சிவப்புப் பேனையால் திருத்தித் திருப்பி அனுப்புவார். அந்த வகுப்பில் பெண்களின் வாய் திறப்பது ஸலாம் சொல்ல மட்டும்தான். அதுவும் மெல்ல.

மூன்று வருடம் ஆகிலா இப்படித்தான் ஆங்கிலம் படித்தாள். எழுத்தில் அவளை யாரும் அசைக்க முடியாது. உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு வந்த பிறகும் வகுப்பை விடவில்லை. ஆங்கில ஆசிரியையாகப் பயிற்சி பெற, கல்வியியல் கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பும் வந்துவிட்டது. அங்கே சீட்டெல்லாம் செல்லாது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்து ஆங்கிலத்தில் கேட்பார்கள், வாயைத் திறந்து ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

போன வருடம் அடுத்த வீட்டு அக்கா, நப்லா ராத்தா அந்த மேசைக்கு முன்னால் போய் இருந்தாள். அவளும் இதே வகுப்பு, இதே திரை. ஏன் ஆசிரியையாக விரும்புகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பதில் தலைக்குள் எழுத்தாக வந்து நின்றதாம், எழுத்துக்கூட்டல்கூடத் தெரிந்ததாம், சத்தம்தான் வரவில்லையாம். வீட்டுக்கு வந்தவளிடம் எல்லோரும், பாடம் காணாது, இன்னும் நல்லாப் படித்திருக்க வேணும் என்றார்கள். நப்லா அதை நம்பினாள். இன்றைக்கும் நம்புகிறாள். ஆகிலாவுக்குப் பொறுக்க முடியாதது அதுதான்.

அந்த மாதம் சேர் எடுத்த பாடம் இன்ஃபினிடிவ். நல்ல மனிதர், நன்றாகவே படிப்பித்தார். தமிழில் போக, வர, படிக்க என்கிறோமே, அதுதான் இது. காலமும் ஆளும் ஒட்டாத வினை. ஆங்கிலத்தில் அது சில இடத்தில் ‘டு’ என்ற தொப்பியைப் போட்டுக்கொண்டு வரும், சில இடத்தில் வெறுந்தலையோடு வரும் என்றார். வோன்ட், ஹோப், டிசைட் என்பவற்றுக்குப் பின்னால் தொப்பி வேண்டும். கேன், மஸ்ட் என்பவற்றுக்குப் பின்னால் கூடாது. லெட், மேக் வந்தால், ஆளைச் சொன்ன பிறகும் தொப்பி கூடாது. இது காதுக்குப் பழகினால்தான் நாக்குக்கு வரும் என்று சொல்லி, பையன்களை மேசையில் தட்டித் தட்டிப் பாட்டாகச் சொல்லவைத்தார். “வோன்ட் டு கோ, ஹோப் டு கோ, லெட் மீ கோ!” மண்டபம் அதிர்ந்தது. கீழே துணிக்கடையில் நின்றவர்கள்கூட அண்ணாந்து பார்த்திருப்பார்கள். திரைக்கு இந்தப் பக்கம் இருபது பெண்கள் கொப்பியில் அதையே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

காதுக்குப் பழகினால்தான் நாக்குக்கு வரும் என்று சொன்ன வாயே, பெண்களைப் பார்த்து, நீங்க எழுதுங்க என்றும் சொன்னது.

பிறகு சேர் தமிழில் ஒரு வசனம் தந்தார். வாப்பா என்னைக் கடலில் நீந்த விடவில்லை. இதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். பையன்கள் ஆளுக்கு ஆள் முயன்றார்கள். எல்லோரும் நீந்துவதற்குத் தொப்பியைப் போட்டார்கள். அந்த நேரம் ஆகிலாவின் சீட்டு சேரின் கைக்குப் போனது. சேர் படித்தார், முகம் மலர்ந்தது. அதை மெல்ல வாசித்துக் காட்டி, எங்கே ஸஹீத், நீ சொல்லு என்றார். ஸஹீத் எழுந்து, நெஞ்சை நிமிர்த்தி, “மை ஃபாதர் டிட் நொட் லெட் மீ ஸ்விம்” என்றான்.

“வெரி குட் ஸஹீத்” என்றார் சேர்.

ஆகிலா எழுந்ததை அவளே உணரவில்லை.

“சேர், அது நான் எழுதின.”

அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன், “திரை கதைக்குதுடா” என்றான். பையன்கள் வாங்கில் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“ஓம் ஓம், தெரியும் மகள். இரிங்க” என்றார் சேர், அவள் தண்ணீர் கேட்டது போல.

வகுப்பு விட்டதும் அவள் சேரிடம் போனாள். கூட்டாளி பஸ்மினா துணைக்குப் பின்னால் நின்றாள். நேர்முகத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, நாங்களும் வாயால் சொல்லிப் பழக வேண்டும் என்று ஆகிலா கேட்டாள். சேருக்குக் கோபம் வரவில்லை. தனக்கு ஒன்றும் இல்லை என்றார். பெற்றோர்தான் விரும்பமாட்டார்கள், பெண் பிள்ளைகளின் சத்தம் றோட்டுக்குக் கேட்டால் நாளைக்கே பாதிப் பேரை மறித்துவிடுவார்கள், முதலில் வந்து கேட்பது உங்கட வாப்பாவாகத்தான் இருக்கும் என்றார்.

அன்று பின்னேரம் அவள் வாப்பா அபுல் ஹஸனிடம் கேட்டாள். அவர் சாய்ந்தமருதில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். கடையிலிருந்து வந்து சட்டை கழற்றிக்கொண்டிருந்தவர், கேள்வி விளங்காமல் பார்த்தார்.

“நான் எப்ப மகள் அப்படிச் சொன்ன? அது வகுப்புட சட்டம் எண்டுதானே நினைச்ச. பள்ளிவாசல் மரைக்கார்மார் சொல்லியிருப்பாங்க.”

உம்மா ஹாஜறா அந்த நேரம் வாசல் கேற்றடியில் மீன்காரனோடு நின்றாள். பாரைமீனின் செவுளைத் தூக்கிக் காட்டி, இது நேற்றையது என்று அவள் போட்ட சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டது. அதில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. அதே குரல் ஒரு ஆங்கில வசனத்தைச் சொன்னால் மட்டும் ஊர் என்னாகும் என்று ஆகிலாவுக்கு விளங்கவில்லை.

அஸர் தொழுது வந்த வாப்பாவை அவள் விடவில்லை. இரண்டு வீடு தள்ளித்தான் மசூர் ஹாஜியார் இருக்கிறார். பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் மரைக்கார்களில் ஒருவர். வாப்பா முன்னால் நடக்க, அவள் பின்னால் போனாள். ஹாஜியார் நடந்ததைக் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார்.

“நாங்க வேற வேறயா இருத்துங்க எண்டுதான் சொன்ன. வாயக் கட்டச் சொல்லல்லயே. உங்கட உம்மாமார் ஆருக்கிட்டயும் கதைக்காமலா இரிக்காங்க?”

“அப்ப ஆரு ஹாஜியார் சொன்ன?” என்றாள் ஆகிலா.

அவருக்குத் தெரியவில்லை. சேர்மார்தான் ஏதோ ஒழுங்குக்குச் செய்திருப்பார்கள் என்றார். பிறகு தேத்தண்ணீர் வந்தது. வாப்பாவும் அவரும் நெல் விலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அவள் ஒரு மிடறும் குடிக்கவில்லை. யாராவது ஒருவர், ஓம், நான்தான் சொன்னேன், பெண்ணின் குரல் கேட்கக் கூடாது என்று சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவரோடு வாதாடலாம், தோற்கவும் செய்யலாம். இங்கே அப்படி ஒருவருமே இல்லை. சேர் பெற்றோருக்குப் பயம், பெற்றோர் பள்ளிவாசலுக்குப் பயம், பள்ளிவாசலுக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாது. ஒருவரும் போடாத ஒரு சட்டத்துக்கு ஊரே காவல் நின்றிருக்கிறது. அந்தக் காவலில்தான் நப்லா ராத்தாவின் வாய் அடைத்துப்போனது.

திரும்பி வரும் வழியில் வாப்பா சமாதானம் சொன்னார். “விடு மகள். உனக்குப் பாடம் தெரியும்தானே.”

“நப்லா ராத்தாக்கும் தெரியும் வாப்பா.”

அவர் வீட்டு வாசலில் நின்று, நானும் வந்து சேரிடம் கதைக்கவா என்று கேட்டார். வேண்டாம், நானே கதைக்கிறேன் என்றாள்.

அடுத்த வகுப்பில் சேர் கேள்வியைப் போட்டதும் வழமைபோலச் சீட்டுகள் முன்னால் போகத் தொடங்கின. ஆகிலா எழுந்தாள். வாப்பாவுக்கு ஆட்சேபனை இல்லை, மசூர் ஹாஜியாருக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை என்றீர்கள், அப்படியென்றால் இனி வாயால் சொல்கிறோம் சேர் என்றாள். இடையில் நிற்காமல் முழுவதும் சொல்லி முடித்தாள். பஸ்மினா அவளுடைய அபாயாவைப் பிடித்து இழுத்தாள்.

“நீ சொல்லு கா. எங்களையும் ஏன் இழுக்காய்?” என்றாள் பல்லுக்குள்.

அந்த வார்த்தை பையன்களின் சிரிப்பைவிட ஆழமாகத் தைத்தது. ஆனாலும் உட்காரவில்லை. சேர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். திரையின் எந்தப் பக்கத்திலிருந்தும் அவருக்கு மறுக்க ஒரு காரணம் கிடைக்கவில்லை. சரி, சொல்லுங்க என்றார்.

“மை ஃபாதர் லெட் மீ டு கம்” என்றாள் ஆகிலா.

எழுத்தில் ஒருநாளும் விடாத பிழை. அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. “தொப்பி, தொப்பி” என்று கத்தினார்கள். சேர் கையை உயர்த்திப் பையன்களை அடக்கி, “லெட் மீ கம். திரும்பச் சொல்லுங்க மகள்” என்றார். அவள் திரும்பச் சொன்னாள். இன்னொருதரம் என்றார். சொன்னாள். இந்த மூன்று வருடத்தில் அவளுடைய குரலை ஒருவர் திருத்தியது அன்றைக்குத்தான். இவ்வளவுதானே, இதற்கா இத்தனை காலம் என்று நினைக்க நினைக்க ஆத்திரம் கூடியது, குறையவில்லை.

அன்றைக்கு வேறு எந்தப் பெண்ணும் வாய் திறக்கவில்லை. அதற்கடுத்த வகுப்பில் பின்வாங்கிலிருந்து றுகையா என்ற அமைதியான பிள்ளை எழுந்து ஒரு வசனம் சொன்னாள். அவளுக்குப் பிறகு பஸ்மினா சொன்னாள், ஆகிலாவின் முகத்தைப் பார்க்காமலே. ஆகிலா வீட்டில் உம்மாவிடமும் விடாமல் கதைத்தாள். ஐ வோன்ட் டு குக், ஐ ஹேவ் டு வொஷ் என்று குசினியில் அவள் சொல்லச் சொல்ல, உம்மா, வாயால வொஷ் பண்ணினாக் கோப்பை கழுவுப்படாது மகள் என்றாள். பத்துப் பதினைந்து நாளில் என்ன வந்துவிடும்? மூன்று வருடத்தில் வர வேண்டியதை இந்தக் கொஞ்ச நாளுக்குள் நாக்கில் திணித்துக்கொண்டு அவள் நேர்முகத்துக்குப் போனாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு ஆண்களும் நடுவில் ஒரு பெண்மணியும் இருந்தார்கள். பெயர், ஊர் கேட்டார்கள், சொன்னாள். ஏன் ஆசிரியையாக விரும்புகிறீர்கள் என்றார்கள். நப்லா ராத்தாவை ஊமையாக்கிய அதே கேள்வி. ஆகிலாவுக்குச் சத்தம் வந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லாக, கல்லில் கால் வைத்து ஆற்றைக் கடப்பது போல வந்தது. நடுவில் ஒரு இடத்தில் தடுக்கி நின்று, திருத்திச் சொன்னாள்.

பெண்மணி அவளுடைய பெறுபேற்றைத் திரும்பப் பார்த்தார். எழுத்தில் இவ்வளவு திறமையாக இருக்கிறீர்கள், கதைக்கும்போது ஏன் இத்தனை தடங்கல் என்று ஆங்கிலத்தில் கேட்டார். குரலில் குத்தல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

பயம், பழக்கமில்லை, மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். பிழையைத் தன் தலையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். ஆகிலா நிமிர்ந்து இருந்தாள்.

“நோபடி ஆஸ்க்ட் மீ டு ஸ்பீக், மேடம்” என்றாள். என்னைக் கதைக்கச் சொல்லி ஒருவருமே கேட்டதில்லை. இந்த வசனம் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை.

மூவரும் அவளையே பார்த்தார்கள். ஓரத்தில் இருந்தவர் பேனையைக் கீழே வைத்தார். பெண்மணி கதிரையை மேசையோடு கிட்ட இழுத்துக்கொண்டு, அப்படியென்றால் இப்போது நான் கேட்கிறேன், முழுவதையும் சொல்லுங்கள் என்றார். ஆகிலா தொடங்கினாள்.