சம்மந்தி வீட்டுக் காய்ச்சல்

ஏழாம் மாதம் என் மகளுக்குச் சென்னையில் மாமியார் வீட்டில் வளைகாப்பு நடந்தது. முடிந்ததும் பிரசவத்துக்கு அவளை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். சம்மந்தியம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "சம்பா நடவு முடிஞ்சிருக்கும். உங்க ஊர்ல எங்க பார்த்தாலும் தண்ணி. கொசு பிடுங்கி எடுத்துடும். இங்கயே இருக்கட்டுமே." எனக்குச் சுருக்கென்றது. வலங்கைமான் பக்கம் நாங்கள் என்ன காட்டிலா குடியிருக்கிறோம்? வாயை அடக்கிக்கொண்டு மகளைக் காரில் ஏற்றினேன்.

வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அவளுக்குக் குளிர் கண்டது. போர்வைக்கு மேல் போர்வை போர்த்தியும் பல் தந்தியடித்தது. பிறகு காய்ச்சல் கொதித்து, வியர்த்து விட்டது. மறுநாள் எழுந்து தோசை கேட்டாள். அதற்கு மறுநாள் மறுபடியும் குளிர். குழந்தை அசைகிறதா என்று அவள் வயிற்றில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் வயல் கொசுதான் வேலையைக் காட்டிவிட்டது, அந்தம்மா சொன்னது பலித்துவிட்டது என்று உள்ளுக்குள் வெந்துபோனேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரலில் குத்தி ரத்தம் பார்த்தார்கள். மலேரியா. குழந்தைக்கு ஆபத்தா என்றுதான் முதலில் கேட்டேன்.

"நல்லவேளை, சீக்கிரம் வந்துட்டீங்க. கர்ப்பிணிக்குக் கொடுக்கிற மாத்திரை இருக்கு. ஆனா திரும்பி வராம தடுக்கிற மாத்திரையைக் கர்ப்பத்துல கொடுக்க முடியாது. அதனால இது திரும்பி வரலாம், அடிக்கடி ரத்தம் பார்க்கணும்" என்றார் டாக்டரம்மா.

"எங்க வயல் கொசுதானே டாக்டர்?"

"இல்லம்மா. கடிச்சு ரெண்டு வாரம் கிட்ட ஆனாத்தான் காய்ச்சல் வரும். இது சென்னையிலயே கடிச்சது."

"அங்க ஏது வயல்?"

"மூடாத மொட்டைமாடித் தொட்டி போதும். அந்தக் கொசுவுக்கு நல்ல தண்ணிதான் வேணும். நம்ம பக்கம் கொசுவுக்குக் குறைச்சல் இல்ல, மலேரியாக்காரங்கதான் இல்ல. அப்படி ஒருத்தரைக் கடிச்ச கொசு அடுத்தவங்களைக் கடிச்சாத்தான் இது பரவும். இனிமே உங்க பொண்ணு வலைக்குள்ளதான் படுக்கணும். இல்லேன்னா உங்க தெருவுக்கே வந்துடும்."

அப்பாடா என்றிருந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சந்தோஷம்கூட. நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிடுவது என்று வீட்டுக்கு வந்ததும் சம்மந்திக்குப் போன் போட்டேன்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் மெல்லச் சொன்னார். "எனக்கும் விட்டு விட்டுக் குளிர் காய்ச்சல் வந்துக்கிட்டிருந்துச்சுங்க. சொன்னா வளைகாப்பைத் தள்ளி வச்சிடுவாங்களேன்னு மாத்திரையைப் போட்டுக்கிட்டு நின்னேன். என்கிட்டேருந்துதான் அவளுக்குப் போயிருக்குமா?"

கேட்க வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதோ. "அதெல்லாம் அப்புறம் பேசலாம். முதல்ல நீங்க ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க. தொட்டிக்கு மூடி போடச் சொல்லுங்க" என்றேன். அவருக்கும் மலேரியாதான்.

அவருக்குக் குணமானது. மகளுக்கு மட்டும் நடுவில் ஒருமுறை திரும்பி வந்து எங்களைக் கதிகலங்க வைத்தது. மார்கழியில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பேத்தி பிறந்தாள். எடை கொஞ்சம் குறைவு. அவள் ரத்தத்தில் மலேரியா இல்லை.

சம்மந்தியம்மா சென்னையிலிருந்து ஓடிவந்தார். அறைக்குள் வராமல், கைகளைப் புடவைத் தலைப்பில் சுருட்டிக்கொண்டு கதவோரமே நின்றார். "நான் இங்கேருந்தே பார்த்துக்கிறேங்க" என்றார். எவ்வளவு ஆசையாகக் காத்திருந்த மனுஷி.

"தொட்டா ஒட்டிக்கிற காய்ச்சல் இல்லைங்க இது. கையை நீட்டுங்க" என்று குழந்தையைக் கொடுத்தேன். அவர் கண்ணீர் பேத்தியின் நெற்றியில் சொட்டியது. துடைக்க அவருக்குக் கை ஒழியவில்லை. நான் துடைத்துவிட்டேன்.