பின்தோள்காரர்

சீனாவின் எமெய் மலையில் டோலி தூக்குகிற இரண்டு பேரில் முன்னால் போகிறவனுக்குக் கண் வேண்டும், பின்னால் போகிறவனுக்குக் காது வேண்டும். பின்னவனுக்கு எதிரே தெரிவதெல்லாம் மூங்கில் நாற்காலியின் முதுகும், அதில் சொகுசாக உட்கார்ந்திருக்கும் புண்ணியவானின் பிடரியும்தான். படியில் கல் ஆடுகிறதா, தண்ணீர் தேங்கியிருக்கிறதா, குரங்கு வழிமறிக்கிறதா என்பதை முன்னவன் பாட்டாகக் கூவுவான். பாட்டில் ஆடும் கல் கிழவி பல், தேங்கின தண்ணீர் கண்ணாடி, குரங்கு மாமன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் அடி உண்டு. பின்னவன் அதைத் திருப்பிக் கூவினால் காதில் விழுந்தது என்று அர்த்தம். பதில் வராவிட்டால் டோலி நின்றுவிடும்.

லெங் ஷௌகுய் முப்பத்தோரு வருஷமாகப் பின்தோள்காரர். சென்ற மழைக்காலத்துக் காய்ச்சலோடு அவருடைய காது போய்விட்டது. வலது காது அடியோடு போனது. இடது காதில் யாரோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல ஏதோ விழும், அதுவும் எப்போதாவது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே டோலி கையைவிட்டுப் போகும். அப்புறம் செங்து நகரத்தில் மகன் வீட்டுப் பதினோராவது மாடிதான். மனைவி செத்தபோது அங்கே இருபது நாள் இருந்து பார்த்திருக்கிறார். துணி காயப்போடும் பால்கனியில் ஒரு கட்டில். மருமகள் நல்லவள்தான், ஆனால் அவர் எழுந்து நடந்தாலே, "எங்க போறீங்க மாமா, உக்காருங்க" என்பாள். இருபத்தோராம் நாள் மலைக்குத் திரும்பியவர், இனி செத்தாலும் இங்கேதான் என்று முடிவு கட்டிக்கொண்டார்.

ஆகவே மனுஷர் கள்ளத்தனம் பழகினார். டீக்கடையில் சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்து எல்லார் வாயையும் பார்ப்பார். மற்றவர்கள் சிரித்தால் தானும் சிரிப்பார். டோலியில் அவருக்குக் காது தேவைப்படவே இல்லை. பாதை காலுக்கு மனப்பாடம். மூங்கில் கம்பு இழுபட்டால் தேங்கின தண்ணீர், சாய்ந்தால் ஆடும் கல், தயங்கினால் குரங்கு. முன்னவன் தோள் ஏறி இறங்குவதைக் கம்பில் உணர்ந்து, கூவி முடித்துவிட்டான் என்று கணக்குப் பண்ணிக்கொண்டு பதிலைக் கூவுவார். ஒரு வருஷமாக ஒரு பதிலும் தப்பவில்லை. அதில் அவருக்கு ரகசியமாக ஒரு கர்வம்கூட இருந்தது.

முன்தோள்காரன் தெங் கைமிங் அவருடைய செத்துப்போன மனைவியின் தம்பி. வாய் ஓயாதவன். அவனுக்கே தெரியாமல் அவனை ஏமாற்றுவதுதான் லெங்குக்கு உறுத்தலாக இருந்தது.

அன்று வந்தவள் நார்வேக்காரி. மாரித் என்று பெயர். அறுபது வயசு, இடுப்பில் அறுவை செய்தவள். உச்சியிலிருந்து மேகக்கடலைப் பார்க்க வேண்டுமென்று அவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கிறாள். கூடவே யாவ் என்கிற வழிகாட்டிப் பெண், பட்டணத்துப் பிள்ளை. மலையோ விடிந்ததிலிருந்து மூடிக்கொண்டு கிடந்தது. பத்துப் படிக்கு மேல் கண் தெரியவில்லை.

"மேல போனாலும் ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடும்மா, அப்புறம் எங்களைத் திட்டப்போறாங்க" என்றான் தெங்.

யாவ் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "பரவாயில்லையாம். நீங்க பாடுறதைக் கேட்கவே வந்திருக்காங்களாம்."

"ஆளு கனம்தான் அத்தான், ஆனா மனசு லேசு" என்று திரும்பிச் சொன்னான் தெங். லெங் அவன் வாயைப் பார்த்துத் தலையாட்டினார்.

பாதி வழி மண்டபத்தில் டோலியை இறக்கினார்கள். அந்த அம்மாள் செல்போனை எடுத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள். வெறும் டோலியைத் தூக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே கூவிக் காட்ட வேண்டுமாம், படம் பிடிக்க. யாவின் உதடுகளைப் பார்த்ததும் லெங் தொண்டையைத் தடவிக்கொண்டார்.

"தொண்டை கட்டியிருக்கு மச்சான், வேண்டாம்."

"இவ்வளவு நேரம் மலையே அதிர்ற மாதிரி கத்துனீங்களே. சினிமாவுல வரப்போறோம், வாங்க அத்தான்."

நின்ற இடத்தில் ஏது பாதை? கம்பு இழுபடவில்லை, சாயவில்லை. வெறும் நாற்காலிக்கு மேலே தெங்கின் முதுகு மட்டும் ஏறி இறங்கியது. வழக்கமாக இந்த மண்டபத்துக்கு மேலே முதலில் தண்ணீர், பிறகு ஆடும் கல், பிறகு வளைவு. அந்த வரிசையில்தான் கூவுவான் என்று லெங் துணிந்துவிட்டார். தெங்கோ வாய்க்கு வந்ததைக் கூவினான்.

"மாமன் வந்து குந்தியிருக்கான்."

"கால் நனையாமத் தாண்டுறேன்."

"இடது பக்கம் மலை வளையுது."

"கிழவி பல்லைத் தட்டாமப் போறேன்."

"கண்ணாடி ஒண்ணு கிடக்குது."

"வலது தோளுக்கு மாத்திக்கிறேன்."

யாவ் கைதட்டினாள். அவளுக்கு என்ன தெரியும்? ஆனால் தெங்கின் பிடரி விறைத்துப்போனதை லெங் பார்த்தார். அவன் திரும்பவில்லை. அதன்பிறகு உச்சிவரை ஒவ்வொரு இடத்திலும் கூவுவதற்கு முன் கம்பை அழுத்தி இரண்டு முறை இழுத்தான். லெங்குக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

உச்சியில் வெள்ளைப் படுதா போட்டதுபோல மூட்டம். அந்த அம்மாள் வேலியோரம் நின்று எதையும் காணாமல் சந்தோஷமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். தெங் அத்தானைச் சுவரோரம் இழுத்துப்போய் முகத்துக்கு நேரே நின்றான்.

"எவ்வளவு நாளா?"

"போன மழையிலேருந்து."

"காது கேக்காத ஆளைப் பின்னால வெச்சுக்கிட்டு ஒரு வருஷமா மனுஷங்களைத் தூக்கிட்டுப் போயிருக்கேன். ஒருத்தர் விழுந்திருந்தா? நீங்க விழுந்திருந்தா? அக்கா இருந்தா என்னைச் செருப்பால அடிச்சிருப்பா."

லெங்குக்குப் பாதிதான் புரிந்தது. அதுவே போதும். "மகன் வீட்டுக்கு மட்டும் அனுப்பிடாதே, மச்சான்" என்றார்.

தெங் மெதுவாக, உதடு தெரியும்படி சொன்னான். "இனிமே ஆள் ஏத்த வேண்டாம். மடத்துக்கு அரிசி மூட்டை சுமக்கலாம். ரெண்டு பேரும்தான். டோலிக்காரங்க தலைவர்கிட்ட நான் ஏதாவது சொல்லிக்கிறேன். இன்னைக்கு இவங்களைப் பத்திரமா இறக்கிடுவோம்."

அந்த இறக்கத்தில் லெங் நடந்தது காலால் அல்ல, நிம்மதியால். ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாரம் போய்விட்டது. அரிசி மூட்டை யார் காதையும் கேட்பதில்லை. மலை அவருக்கு மிச்சமிருந்தது.

அடிவாரத்து நிறுத்தத்தில் பத்துப் பன்னிரண்டு டோலிக்காரர்கள் சவாரி இல்லாமல் குந்தியிருந்தார்கள். அந்த அம்மாளுக்கு நன்றியில் மனசு நிறைந்திருந்தது. இவ்வளவு அழகாகப் பாடியவர்களை அவர்கள் ஆட்களிடமே பாராட்ட வேண்டாமா? செல்போனை உயர்த்திப் பிடித்து, சத்தத்தைக் கூட்டி, எல்லாரையும் வரச்சொல்லிக் கையசைத்தாள்.

"வேண்டாம்மா, அவங்களுக்கு இதெல்லாம் பழசு" என்று தெங் குறுக்கே போனான். யாவ் சிரித்துக்கொண்டே அவனை விலக்கினாள். "வெக்கத்தைப் பாரு."

வட்டமாக நின்றவர்கள் முதலில் சிரித்தார்கள். லெங்கும் சிரித்தார். திரையில் வாயைப் பிளந்து கூவுவது தன் முகம் என்று தெரிந்து இன்னும் அகலமாகச் சிரித்தார். அப்புறம் ஒவ்வொரு முகமாகச் சிரிப்பு நின்றது. விளையாட்டுக்குக்கூடப் பதில் மாற்றிச் சொல்லும் ஆள் அவர் இல்லை என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். யாரும் அவரை நேராகப் பார்க்கவில்லை.

திடீரென்று எல்லாருடைய கண்களும் அவருடைய தோளுக்குப் பின்னால் போய் நின்றன. பின்னாலிருந்து யாரோ கூவியிருக்கிறார்கள், சோதிக்கிறார்கள். அது தலைவர் குவாங்காகத்தான் இருக்க வேண்டும். தெங்கின் வாயைப் பார்த்தார். தெங் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தான். திரும்பினால் கேட்கவில்லை என்று ஆகிவிடும். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு கூவலுக்கும் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். நெஞ்சை நிமிர்த்தி, மலைக்கே கேட்கும்படி கூவினார்.

"கால் நனையாமத் தாண்டுறேன்."

தலைவர் குவாங் எதையும் கூவியிருக்கவில்லை. "உக்காருங்க, லெங் அண்ணே" என்று மெதுவாகச் சொல்லியிருந்தார், அவ்வளவுதான்.

ஒருவரும் அசையவில்லை. அந்த நார்வேக்கார அம்மாள் மட்டும் செல்போனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முகம் மலர, இரண்டு கைகளையும் தட்டினாள்.