புளியில் துலக்கிய ஈயக் குண்டு

புதன்கிழமை காலை 6.10க்கு நாவலப்பிட்டியில் கண்டி பஸ் ஏறினோம், நானும் மூன்று வயது மகள் கவிநயாவும். முப்பத்தெட்டு கிலோமீட்டர். என் கைப்பையில், மூன்று பொலித்தீன் பைகளுக்குள் சுற்றி, ஒரு உலோகக் குண்டு இருந்தது. பின்பக்க மதிலுக்கு மண் வெட்டியபோது கிடைத்தது. பாக்களவு, ஒரு பக்கம் நசுங்கியது. ஞாயிறு மாலை அதை மகளின் வாயிலிருந்து எடுத்தேன்.

எங்கள் ஊர் டாக்டர், "ஈயமா இருந்தா ரத்தம் பார்க்கணும். என்ன பொருள்னு தெரிஞ்சா நல்லது" என்று கண்டி ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் கிளினிக்குக்குக் கடிதம் தந்தார். நேரம் பகல் ஒரு மணி. அதற்கு முன் அலவத்துகொடைக்குப் போகச் சொன்னது என்னோடு படிப்பிக்கும் அக்குறணை டீச்சர். பழைய துப்பாக்கிக் குண்டு சேர்க்கும் உறவுக்காரர் ஒருவர் அங்கே இருக்கிறாராம்.

டாக்டரிடமும் கணவர் சுரேஷிடமும் நான் ஒன்றை மறைத்திருந்தேன். பிள்ளை அதை மண்ணிலிருந்து எடுத்து வாயில் போட்டாள் என்றே சொன்னேன். உண்மையில், வெள்ளையாகப் பூத்திருந்த குண்டைக் குத்துவிளக்குத் துலக்குவது போலப் புளியில் ஊறவைத்துத் தேய்த்தது நான். அந்தத் தட்டிலிருந்துதான், புளிப்புச் சுவைக்காக, அவள் எடுத்துச் சப்பினாள். எவ்வளவு நேரம்? இரண்டு நிமிடமா, பத்தா? பேராதனை தாண்டும் வரை இதையேதான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

8.05க்குக் கண்டி. மாத்தளை பஸ் பிடித்து, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை வழியாக அலவத்துகொடையில் இறங்கியபோது 9.10. அங்கிருந்து முச்சக்கர வண்டிக்கு இருநூறு ரூபாய்.

"குண்டு நானாட வீடா?" என்று சாரதி சிரித்தார். "பயப்படாதீங்க தங்கச்சி, குண்டுதான் அவர்ட்ட ஈக்கி. வெடிக்கிற கொணம் அவர்ட பொஞ்சாதிக்கு!"

இந்தப் பக்க முஸ்லிம்கள் அண்ணனை 'நானா' என்பார்கள். டீச்சரின் உறவுக்காரரான ரிஸ்வான் நானாவுக்கு என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். பழைய இரும்புக் கடைக்காரர். கடைக்கு எடைக்கு வரும் ஈயத்திலிருந்து பொறுக்கத் தொடங்கிய பழக்கமாம். குண்டுகள் வைத்திருக்கும் அறையின் வாசலில் கையை நீட்டிக் கவிநயாவைத் தடுத்தார். "புள்ளைக்கு உள்ளுக்கு வர ஏலா. தேத்தண்ணியும் உள்ளுக்கு வராது."

அவருடைய மனைவி, "வாங்க மகள், நாம கோழிக்குஞ்சு பாப்பம்" என்று அவளைக் கூட்டிப் போனார். வாசற்படியைத் தாண்டும் பெரியவர்களும் வெளியே வரும்போது இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்றார் நானா. என் வீட்டில் இப்படி ஒரு படி இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே கண்ணாடி அலுமாரி முழுக்க மாத்திரைப் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குண்டு, ஒரு துண்டுச் சீட்டு: மகாவலி மணல், தெல்தெனிய வயல், எடை, எடுத்தவர் யார். உருண்டைகள் பழையவை, கூம்பாக, அடியில் வளையம் வளையமாகக் கோடு போட்டவை பிந்தியவை. பித்தளை உறையோடு முழுசாக வரும் தோட்டாவை மட்டும் அவர் தொடுவதே இல்லை, பொலிஸுக்குச் சொல்லிவிடுவார். ஒரு குண்டில் ஆழமான பல்லடையாளம் இருந்தது.

"யார் கடிச்சது?"

"காட்டுப் பன்டி. கெழங்கு கிண்டக்கொள கடிச்சீக்கி. இத மட்டும் நான் கொறட்டாலதான் எடுக்கிற" என்று மூலையில் கிடந்த குறட்டைக் காட்டிக் கண் சிமிட்டினார்.

என் குண்டை எடுத்து வெள்ளைத் தாளில் இழுத்தார். பென்சில் போலச் சாம்பல் கோடு விழுந்தது. நகத்தால் அழுத்தினார், பதிந்தது. பாடசாலையில் நான் கரும்பலகையில் மட்டும் வரைந்து காட்டும் வேணியர் இடுக்கிமானியால் நசுங்காத பக்கத்தை அளந்தார்: பதினேழு மில்லிமீட்டர். நகைத் தராசில் இருபத்தெட்டு கிராம். குண்டு வார்த்த அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த மெல்லிய வரம்பையும், ஈயம் ஊற்றிய இடத்தில் நீட்டிய வாலை வெட்டிய தழும்பையும் பூதக்கண்ணாடியில் காட்டினார்.

"ஈயம்தான். பழைய துவக்குக் குண்டு. சுட்டது ராசாட ஆளோ, வெள்ளக்காரனோ, பொறகு வேட்டைக்குப் போனவனோ, அத நான் சொன்னா பொய்."

தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. அப்போதுதான் அவர் குண்டின் பளபளப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மண்ணுல கெடந்தா வெள்ளப் பூப்பு ஈக்கணும். இதுல என்ன போட்டீங்க?"

நான் குண்டு சுற்றி வந்த பொலித்தீன் பைகளை மடிக்கத் தொடங்கினேன். அவர் அலுமாரியின் முதல் போத்தலை எடுத்து நீட்டினார். சீட்டில் எழுதியிருந்தது: 'கம்பித் தூரிகையால் தேய்த்து நான் கெடுத்தது.' கீழே அவருடைய பெயர்.

"புளி," என்றேன். "புளியிலதான் போட்டேன். அதுக்கப்புறந்தான் பிள்ளை வாயில வச்சா."

அவர் முகம் மாறியது. "பூப்பு புளியில கரையும் தங்கச்சி. நான் டொக்டர் இல்ல. ஆனா இத அங்க கட்டாயம் சொல்லுங்க." ஒரு சீட்டில் எடை, அளவு, 'ஈயம், புளியில் ஊறியது, பிறகு வாயில் வைத்தது' என்று எழுதித் தந்தார். குண்டை அவரிடமே விட்டேன்.

12.50க்குக் கண்டி ஆஸ்பத்திரி. இளம் பெண் டாக்டர் சீட்டை இரண்டு முறை படித்தார். "இது முக்கியம். ஊர் டாக்டரோட கடிதத்துல மண்ணுல இருந்து எடுத்து வாயில வச்சதுன்னுதானே இருக்கு?" நான் தலையாட்டினேன். அவர் திட்டவில்லை, எந்த நாள், எவ்வளவு நேரம் என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஊசி குத்தியபோது கவிநயாவைவிட நான்தான் அதிகம் அழுதேன். முடிவு பத்து நாளில் வந்தது: பயப்படும் அளவு இல்லை, மூன்று மாதத்தில் இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

அந்தப் புதன்கிழமை மாலை 3.40க்கு ஊர் திரும்பும் பஸ்ஸில் மகள் மடியில் தூங்கிவிட்டாள். தன் பிழையைப் பெயர் போட்டுக் கண்ணாடிக்குள் வைத்திருக்கும் மனிதரின் வீட்டுக்குப் போய் வந்த பிறகு, கம்பளை வரை பொறுக்க முடியவில்லை. சுரேஷை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமையே சொல்லியிருந்தீன்னா," என்றார், "நானும் லீவு போட்டுட்டுக் கூட வந்திருப்பேன்ல."