குடத்தில் எத்தனை படி

ஜெர்மன் யுத்தம் முடிந்த வருஷம் வந்த விஷ ஜுரம், கொருக்குப்பேட்டையில் சொக்கம்மாளின் புருஷன் மாசானத்தைக் கொண்டுபோயிற்று. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன்; மூன்றே நாளில் முடிந்துவிட்டான். பக்கத்திலேயே அதே ஜுரத்தில் நினைவில்லாமல் கிடந்தவளுக்கு, அவனைத் தூக்கிப்போனதுகூடத் தெரியாது.

பிள்ளை குட்டி இல்லை. ஜுரம் விட்ட பிறகும் எழுந்து நின்றால் தொடை நடுங்கியது. அடுத்த வீட்டு ஜன்னத்துதான் தினமும் விடிந்ததும் தெருக்குழாயில் ஒரு குடம் பிடித்து வந்து வைத்துவிட்டு, வாசற்படியில் கொஞ்சம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவாள். அவள் போய்விட்டால் அப்புறம் நாள் முழுக்கக் கூட்ஸ் வண்டிச் சத்தம்தான்.

"இன்னா சொக்கம்மா, இன்னும் மூஞ்சி வெளுத்துகினே கீதே," என்பாள் ஜன்னத்து.

சொக்கம்மாளுக்கும் அப்படித்தான் தோன்றியது. நேற்றைக்கு இன்று மோசம் என்றே ஒவ்வொரு காலையும் எழுந்தாள். ஆனால் தண்டையார்பேட்டை மணிலாக்கொட்டைக் கிடங்குக்கு வேலைக்குத் திரும்பியாக வேண்டும்; அங்கே கூடை தூக்க முடியாதவளுக்கு இடமில்லை. உடம்பு தேறுகிறதா இல்லையா என்று மனசைக் கேட்டுப் பயனில்லை, அது அழத்தான் செய்கிறது என்று கண்டுகொண்டாள். அதனால் வெள்ளிக்கிழமை தோறும் வெறும் வயிற்றோடு, பித்தளைக் குடத்தில் படியால் அளந்து தண்ணீர் ஊற்றி, இடுப்பில் ஏற்றி, அடுப்படியிலிருந்து வாசல்வரை போய்த் திரும்பினாள்.

முதல் தடவை இரண்டு படிக்கே மூச்சு முட்டியது. அடுத்த வாரமும் இரண்டுதான். அப்புறம் மூன்று. ஒரு வெள்ளிக்கிழமை, செத்துப்போய்விட்டால் தேவலை என்று நினைத்துக்கொண்டே எழுந்தவள் ஐந்து படியைச் சுமந்துவிட்டாள். நம்பாமல் தண்ணீரைக் கொட்டி மறுபடி அளந்தாள். ஐந்துதான். சொல்லலாமென்று வாயெடுத்தவள், எதிரே யாரும் இல்லாததால் மூடிக்கொண்டாள்.

தைக்கு முன்பே குடம் நிறைய எட்டுப் படியும் இடுப்பில் ஏறிவிட்டது. அதை ஜன்னத்திடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கு அந்தக் குரலும் வராது.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில், குடத்தோடு வந்த ஜன்னத்து வாசலிலேயே நின்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பில் வலி போல, உதட்டைக் கடித்தாள். சொக்கம்மாள் எழுந்து போய்க் குடத்தை வாங்கி, நேரே அடுப்படிக்குக் கொண்டுபோய் வைத்தாள்.

ஜன்னத்து வாயைப் பிளந்தாள். "அடிப் பாவி! எப்போலேர்ந்து?"

"ரெண்டு வாரமா, அக்கா."

"வாயத் தொறந்து சொன்னா இன்னா? எனுக்கு இடுப்பு வுட்டுப்போச்சே!" சிரித்தாள், கோபமும் பட்டாள், போகும்போது சொக்கம்மாளின் கையை அழுத்திவிட்டுப் போனாள்.

மறுநாள் அவள் வரவில்லை. சொக்கம்மாளே குழாய்க்குப் போனாள். அந்த மாசமே கிடங்கில் சேர்ந்தாள். கூடை பாரமாகத் தெரியவில்லை. இருட்டோடு போய் விளக்கு வைத்தபின் திரும்புகிறவளுக்கு ஜன்னத்து வீட்டுக் கதவு எப்போதும் சாத்தியே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே அங்கே போனாள். ஜன்னத்து பாயை விரித்துப் போட்டு டீ கொடுத்தாள்.

"ஒடம்பு எப்டி கீது?"

"நல்லா கீது, அக்கா."

அப்புறம் பேச இருவருக்கும் ஒன்றும் அகப்படவில்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுச் சொக்கம்மாள் கிளம்பி வந்தாள்.